அடிக்காமல் பிடிக்கத் தெரிய வேண்டும்

சிறைக் காவலருக்குத் தற்காப்புப் பயிற்சி என்றதும், கைதியிடமிருந்து காவலரைக் காக்கும் ஏற்பாடு என்றே நினைத்துக்கொள்கிறோம். காவலரிடமிருந்து கைதியைக் காப்பதும் அதுவே. கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையானாலும் வேறெந்தச் சிறையானாலும், கைதிகள் நடுவே நிற்கும் வார்டரிடம் துப்பாக்கி இருப்பது ஆபத்து. பறிபோனால் கதை முடிந்தது. அவருக்கு லத்தியும் விசிலும்தான். ஒருவன் மணிக்கட்டைப் பற்றினால், அவன் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பிக் கையை உருவிவிடலாம், பிடி இளகும் இடம் அது. இது தெரியாதவர் லத்தியை ஓங்குவார். ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 82ஆவது விதி இதை ஒட்டியதுதான்: முரண்டு பிடிப்பவரை அடக்கச் சிறைப் பணியாளருக்குத் தனி உடற்பயிற்சி வேண்டும், பலத்தைத் தேவைக்கு மேல் காட்டக் கூடாது, பலத்தைக் கையாண்டாலே உடனே சிறைத் தலைமை அதிகாரிக்கு அறிக்கை போக வேண்டும்.

அடிப்பவருக்கு இன்னும் நன்றாக அடிக்கக் கற்றுக்கொடுப்பதா என்று கேட்பார்கள். கடலூர் மாவட்டத்தில் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட முதனை கிராமத்து ராஜாக்கண்ணு சித்திரவதையில் இறந்தார். தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். 'ஜெய் பீம்' படத்தால் ஊரறிந்த வழக்கு. அது காவல் நிலையம், சிறையல்ல. ஆனாலும் பூட்டிய கதவுக்குள் நடந்ததற்குப் பூட்டியவரே சாட்சி என்ற நிலை இரண்டுக்கும் பொது. அங்கே பயிற்சி குறைந்ததால் உயிர் போகவில்லை, கேட்பாரில்லை என்ற துணிச்சலால் போனது. ஆகவே பிடிமுறையை மட்டும் சொல்லிக்கொடுத்து, அறிக்கையையும் கைதிக்கான மருத்துவப் பரிசோதனையையும் விட்டுவிடும் பயிற்சி எனக்கு உடன்பாடில்லை.

மறுபக்கத்து ஆட்சேபம்: வெறி பிடித்த கூட்டத்தின் முன் மணிக்கட்டு வித்தை எடுபடுமா? எடுபடாது. 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறைக் கலவரத்தில் துணை ஜெயிலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் கைதிகளும் மாண்டார்கள். சக கைதி ஒருவரின் சாவு மூட்டிய கோபம் அது. 2022 ஆகஸ்டில் கடலூர் சிறைக் குடியிருப்பில் உதவி ஜெயிலர் வீட்டுக்குத் தீ வைக்க முயற்சி நடந்தபோது ஆபத்து வெளியிலிருந்து வந்தது. இவற்றைச் சமாளிக்க ஆள்பலமும் உளவும் வேண்டும். பயிற்சி உதவுவது அன்றாடத் தகராறில்: சோற்று வரிசையில் தள்ளுமுள்ளு, அறைக்குள் போக மறுப்பவன், தன்னையே அறுத்துக்கொள்ள பிளேடு எடுப்பவன். வேலூரில் 1979 முதல் சிறை அலுவலர்களுக்கென்றே ஒரு பயிலகம் இயங்குகிறது. அங்கே கற்பது கடைநிலை வார்டர் வரை இறங்கி, ஆண்டுதோறும் பழகிப் பார்க்கப்பட வேண்டும். ஒரு தடவை கற்ற பிடி ஆறு மாதத்தில் மறந்துபோகும், லத்தி மறக்காது.