முறிந்த வால்வுறுப்புகளைக் கண்டறிதல்

நான்கு உருளைகளையுடைய மோட்டார் எஞ்சின் மூன்று உருளைகளால் மட்டும் இயங்கத் தொடங்கினால், பெரும்பாலோர் முதற்கண் பிளக்கின் மீதே ஐயங்கொள்வர். பிளக்கை மாற்றுவர், கம்பியை மாற்றுவர், காபுரேற்றரைக் கழற்றிக் கழுவுவர். பிழை வால்வுப் பகுதியிலிருப்பின் இவற்றாற் பயனில்லை. அந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் வால்வின் தலை உருளைக்குள் வீழ்ந்து ஆடுதண்டை உடைத்தலுங் கூடும்.

இலங்கை வீதிகளில் இன்றுங் காணப்படும் மொறிஸ் மைனர் வண்டியின் எஞ்சின் இதனை விளக்குதற்கு ஏற்றது. அஃது 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் எனப் பெருத்ததாயினும் வால்வுகளின் அமைப்பு ஒன்றே. கீழேயுள்ள காம் தண்டின் முகடு டப்பெற்றை உயர்த்த, டப்பெற் தள்ளுகோலை உயர்த்த, தள்ளுகோல் றொக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கின்றது. மூடுவது சுருள்வில்லின் தொழில்.

காம் தண்டு சுழல்தண்டின் பாதி வேகத்திலே சுழல்வது. நிமிடத்துக்கு 1000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு வால்வு 500 முறையே திறக்கும். ஆதலின் வால்வுப் பகுதியில் எழும் தட்டொலி, எஞ்சினின் வேகத்திற் பாதியளவினதாய்க் கேட்கும். பழகிய செவிக்கு இது போதிய சான்று.

பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்குமிடத்து, எதனை விலக்கியபோது எஞ்சினின் ஓசை மாறவில்லையோ அவ்வுருளையே செயலற்றது. அதன் பிளக்கை அயலுருளைப் பிளக்குடன் மாற்றிய பின்னரும் குறை அங்கேயே நிற்குமாயின் அமுக்கமானியை எடுத்தல் வேண்டும். அமுக்கம் குறைந்திருப்பின் உருளைக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். எண்ணெயால் அமுக்கம் உயர்ந்தால் வளையங்கள் தேய்ந்தன. உயராவிடின் பெரும்பாலும் வால்வே காரணம்.

ஆயினும் அமுக்கமானி ஏமாற்றுகின்ற ஒரு நிலையுண்டு. வெளியேற்று வால்வின் தள்ளுகோல் வளைந்து அவ்வால்வு திறவாதிருப்பின், எஞ்சினை வெறுமனே சுழற்றி அளக்கும்போது அமுக்கம் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். எஞ்சின் ஓடும்போதோ, வெளியேற வழியற்ற எரிந்த வாயு, உள்ளிழுப்பு வால்வு திறந்தவுடன் காபுரேற்றர் வழியே வெடியோசையுடன் பாயும். இந்த எஞ்சினில் 1ஆம் 2ஆம் உருளைகளுக்கு ஓர் உள்வழியும், 3ஆம் 4ஆம் உருளைகளுக்கு மற்றோர் உள்வழியும் பொதுவாகவுள்ளமையால் அயலுருளையும் குழம்பும். காபுரேற்றரைக் குறைகூறுவோர் பலர் வழுக்குவது இவ்விடத்திலேதான்.

ஐயம் எழுந்தபின் எஞ்சினை மீண்டும் மீண்டும் முடுக்காது, றொக்கர் மூடியைக் கழற்றிக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே அறிவுடைமை. எட்டு றொக்கர்களும் அசைகின்றனவா, வெளியேற்று வால்வுகள் தம்முள்ளும் உள்ளிழுப்பு வால்வுகள் தம்முள்ளும் ஒரே அளவு தாழ்கின்றனவா என்று நோக்கவேண்டும். ஒன்று குறைவாகத் தாழ்ந்தால் தள்ளுகோலை எடுத்துக் கண்ணாடித் தட்டின்மேல் உருட்டுக; வளைவு உடனே தோன்றும். கோல் நேராயிருப்பின் காமின் முகடோ டப்பெற்றோ தேய்ந்திருத்தல் கூடும். தாழ்ந்த வால்வு மீண்டெழாவிடின் வில் முறிந்தது, அல்லது வால்வு தன் வழிகாட்டியில் இறுகியது. முறிந்த வில்லின் இரு துண்டுகள் ஒன்றினுள் ஒன்று திருகிக்கொண்டு, மெதுவான ஓட்டத்தில் குறையே தெரியாதவாறு இருத்தலும் உண்டு. வேகங்கூடியபோது மட்டும் எஞ்சின் தடுமாறும்.

வளைந்த தள்ளுகோலுக்குப் பதிலாகப் புதியதை இட்டுவிட்டு அமைதியடைதல் கராச்சுகளிற் காணப்படும் பெரும்பிழை. கோல் தானாக வளைவதில்லை. நெடுநாள் ஓடாது நின்ற வண்டியில் வால்வு பிசினாலும் கரியாலும் இறுகியிருக்கும். அதனை விடுவியாது இடும் புதுக்கோலும் வளையும்.

முறிந்த உறுப்பின் துண்டுகளை மேசைமேற் பொருத்திப் பார்த்து, ஒரு சில்லேனும் குறைந்தால் எண்ணெய்த் தொட்டியை இறக்கித் தேடுதல் இன்றியமையாதது. முறிந்த முகத்தையும் நோக்கவேண்டும். ஒரு பகுதி வழவழப்பாய்க் கடலலை தீட்டிய மணல்போல் வரிவரியாகவும், எஞ்சியது கரடாகவும் இருப்பின், வெடிப்பு நெடுநாளாக வளர்ந்து வந்தது. முகம் முழுவதும் கரடாயிருப்பின் முறிவு பெரும்பாலும் ஒரே கணத்தில் நேர்ந்தது.