2147483647: வகுக்காமலே விலக்கும் கலை

2147483647 பகா எண்ணா? எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றே மாணவர்கள் சொல்வார்கள். 1772-இல் ஆய்லர், இது பகா எண்தான் என்று கணினியின்றி நிறுவினார். எப்படி?

ஒரு பகு எண்ணுக்கு அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருக்கும். இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46341. அதற்குட்பட்ட பகா எண்களே நான்காயிரத்துக்கும் மேல்!

ஆனால் இந்த எண் 2³¹ − 1. அடுக்கு 31 பகா எண். எனவே, ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, இதன் எந்தப் பகாக் காரணியையும் 62ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்பது மற்றொரு நிபந்தனை. இரண்டையும் நிறைவு செய்யும் எண்கள் 46341-க்குள் நானூறுக்கும் குறைவு. அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

இதை வகுப்பறையில் சிறிய எண்களில் செய்யலாம். 2²−1, 2³−1, 2⁵−1, 2⁷−1 ஆகியவை 3, 7, 31, 127. எல்லாம் பகா எண்கள். அடுத்து 2¹¹−1, அதாவது 2047? "இதுவும் பகா எண்" என்பார்கள். வர்க்கமூலம் ஏறத்தாழ 45. அதற்குள் 22ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண் 23 மட்டுமே. வகுத்தால் 2047 = 23 × 89. அமைப்பு உடைந்துவிட்டது!

பிறகு 2¹³−1 = 8191-ஐக் கொடுங்கள். 53, 79 ஆகிய இரண்டால் மட்டும் வகுத்தால் போதும். பகா எண் என்று உறுதியாகும்.

நான்கு உதாரணங்கள் நிரூபணம் ஆகா. சரியான காரணம் ஆயிரம் வகுத்தல்களை மிச்சப்படுத்தும். எனவே விடையோடு, "எந்த எண்களால் வகுக்கத் தேவையில்லை, ஏன்?" என்றும் கேட்போம்.