கடலுக்குள் போகிற பெண்ணுக்கு என்ன வாங்கித் தருவது?

எங்கள் நைனார்பாளையத்தில் கடல் கிடையாது. சுற்றிலும் மரவள்ளியும் மக்காச்சோளமும்தான். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறு. பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு அதில்தான் நீச்சல் பழகும். நான் சிறுமியாக இருந்தபோது என் பெரியப்பா மகன் அப்படிக் குதித்தவன் மேலே வரவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தண்ணீரைக் கண்டாலே வயிறு கலங்கும். என் மகளைக் கிணற்று மேட்டுப் பக்கமே விட்டதில்லை.

அவள் இப்போது புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். போன வருஷம் ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, நான் ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போறேன். சாமான் வாங்கக் கொஞ்சம் பணம் வேணும்" என்றாள். எனக்குத் தெரியாமல் நீச்சல் குளத்தில் ஒரு வருஷமாகப் பழகியிருக்கிறாள்! இருநூறு மீட்டர் நீந்தவும், பத்து நிமிஷம் கையில் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் தெரிந்தால்தான் முதல்கட்டப் பயிற்சியில் தேறலாமாம். "உங்க பொண்ணு எதுக்கும்மா பயப்படணும்?" என்கிறாள். என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்க வேண்டும், பாவம்!

இவர் "போகட்டும் விடு" என்றார். நான் அரைமனதாக பஸ் ஏறினேன்.

முதலில் என் கையில் கிடைத்தது சாமான் இல்லை, ஒரு படிவம். பயிற்சி தருகிறவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் அதில் இருந்தன. ஆஸ்துமா உண்டா, காதில் ஆபரேஷன் ஆனதுண்டா, வலிப்பு, இருதயக் கோளாறு, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள் ஸ்கூபாவுக்குப் போகவே கூடாது. ஆஸ்துமா என்ற இடத்தில் என் மகள் 'இல்லை' என்று எழுதப் போனாள். எட்டு வயதுவரை அவளுக்கு வீசிங் வரும். எத்தனை ராத்திரி தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன்!

"அது எப்பவோ வந்தது. எழுதினா விடமாட்டாங்கம்மா!"

"விடலைன்னா வீட்டுக்கு வா. பொய் எழுதிட்டுத் தண்ணியில இறங்காதே" என்றேன்.

நான் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சில் நிரப்பிய காற்று, மேலே வர வர விரியும். மூச்சுக்குழல் இறுகி அந்தக் காற்று வெளியே வர வழியில்லாமல் போனால் நுரையீரலே கிழிந்துவிடும். 'மூச்சை அடக்காதே' என்பது முதல் பாடமாக இருப்பதும் இதனால்தான்.

நெஞ்சு டாக்டரிடம் போனோம். ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார். ஓடவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார். பல வருஷமாக மருந்தே இல்லாமல் இருக்கிறாள், அளவும் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். போடாமல் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள், நானும் சேர்ந்து அழுதிருப்பேன். ஆனாலும் விட்டிருக்க மாட்டேன்.

அதற்கப்புறம்தான் கடைக்குப் போனோம். நான் போன ஒரு கடையில் தலைமுதல் கால்வரை எல்லாவற்றையும் அடுக்கி, பெரிய தொகைக்குச் சீட்டுப் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, பயிற்சி தருகிற தம்பியிடம் போனில் கேட்டேன். "அக்கா, சிலிண்டர், ரெகுலேட்டர், மிதவை ஜாக்கெட், ஈயக்கட்டி எல்லாம் நாங்களே தருவோம். முகத்துக்கும் காலுக்கும் பொருந்த வேண்டியதை மட்டும் வாங்குங்க" என்றார். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று நினைத்திருந்தேன். அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதானாம்!

முகக் கண்ணாடியை, அதாவது மாஸ்க்கை, முதலில் வாங்குங்கள். நீச்சல் குளத்துக் கண்ணாடி இதற்கு உதவாது. ஆழத்தில் கண்ணாடி முகத்தை அழுத்தும்போது மூக்கால் கொஞ்சம் காற்று விட்டுச் சமன் செய்ய வேண்டும். அதனால் மூக்கும் உள்ளே அடங்க வேண்டும். வெளியிலிருந்தே மூக்கைப் பிடிக்க வசதியும் வேண்டும், இல்லாவிட்டால் காது அடைப்பை எடுக்க முடியாது.

பொருத்தம் பார்ப்பது சுலபம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் உங்களுடையது. ஒரு முடிக்கற்றை இடையில் சிக்கினாலும் தண்ணீர் கசியும். பெயருக்காகவும் நிறத்துக்காகவும் வாங்காதீர்கள். என் மகள் ஆசைப்பட்ட ரோஜா நிறம் நிற்கவில்லை. சாதாரணக் கறுப்புதான் நின்றது. கண்ணாடி உறுதியாக்கப்பட்ட டெம்பர்டு கிளாஸாகவும், ஓரம் மெத்தென்ற சிலிகானாகவும் இருக்க வேண்டும்.

என் மகளுக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் மூன்று. மூக்குக்கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட முடியாது. பவர் வைத்த கண்ணாடி பொருத்தும் மாஸ்க் தனியாகக் கிடைக்கிறது. அரை அரைப் பவராக வருவதால் இரண்டு கண்ணுக்கும் வேறுவேறாகப் போடலாம். கண் டாக்டர் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது துடுப்புச் செருப்பு, அதாவது ஃபின்ஸ். பாதம் முழுவதும் நுழையும் ரகமும், குதிகால் திறந்து பட்டை மாட்டும் ரகமும் உண்டு. பட்டை ரகத்துக்கு உள்ளே ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தொளதொளவென்று இருந்தால் கழன்றுவிடும். மிகவும் விறைப்பானது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வேண்டாம்.

மூச்சுக்குழாய் எனும் ஸ்நார்க்கல் எளிமையானதே போதும். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கினோம். வெயிலுக்கும் சிராய்ப்புக்கும் நல்லது. குளிர் தாங்கும் ரப்பர் உடையைப் பயிற்சி இடத்திலேயே தந்தார்கள்.

நம் பெண்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. அன்றைக்குத் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் வேண்டாம், மாஸ்க் வழுக்கும். இறுக்கிப் பின்னல் போடுங்கள். மூக்குத்தி, மோதிரம், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம், காது பாழாகும்.

புது மாஸ்க்கின் உட்புறத்தில் மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பல்பசை தடவித் தேய்த்துக் கழுவினால் புகைமூட்டம் குறையும். உபயோகித்த பிறகு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நல்ல பட்டுப் புடவையை வெயிலில் போடுவோமா? அதுபோலத்தான்.

ராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி அந்தத் தம்பி சொன்னார். புடவைக்கு மேல் சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரலில் துணிச்சுற்று. அவ்வளவுதான் அவர்கள் சாமான். முதுகில் காற்றுகூடக் கிடையாது, மூச்சை அடக்கியே மூழ்கி எழுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காக அத்தனை பெண்கள் இறங்குகிற கடலில், டாக்டர் கையெழுத்தோடும் ஆசிரியரோடும் என் பெண் இறங்குவதற்கா இத்தனை பயந்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

மாசி மாதத்து ஒரு காலையில் படகு கிளம்பியது. நான் கரையில் மணலில் உட்கார்ந்திருந்தேன். கையில் அவள் மூக்குக்கண்ணாடியும் கொலுசும். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நினைத்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா மகன் முகம் மட்டும் வந்து வந்து போயிற்று. திரும்பி வந்தவள் முகத்தில் மாஸ்க் பதிந்த வட்டம், தலையெல்லாம் உப்பு. "மீன் கூட்டம் எங்க மேலயே வந்துச்சும்மா" என்றாள்.

ஊருக்கு வந்ததும் இவரிடம் ஒன்று கேட்டேன்: "நம்ம கிணத்துல எனக்கு நீச்சல் சொல்லித் தருவீங்களா?" சுரைக்குடுக்கை ஒன்று பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது.