மின் கிட்டார் வாங்குகிறீர்களா? நிறத்தைப் பார்க்கும் முன் திருகாணிகளைப் பாருங்கள்

பெங்களூரு: மின் கிட்டார் வாங்கச் செல்வோரிடம் கடைகளில் முதலில் காட்டப்படுவது அதன் நிறமும், மரத்தின் வரியோட்டமும், பிக்கப்பைத் தயாரித்த நிறுவனத்தின் பெயருமே. அந்தக் கருவி இரண்டு ஆண்டுகள் கழித்தும் வாசிக்கப்படுமா, அலமாரியின் மேல் உறையோடு கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் விளம்பரங்களில் பெரிதாக இடம்பெறுவதில்லை. ஒரு திருகாணியை எங்கே பொருத்தியிருக்கிறார்கள், மின்கலத்தை மாற்ற எத்தனை நிமிடம் ஆகும், உடைந்த பாகத்தை மாற்ற முடியுமா என்பன போன்றவை அவை.

பெங்களூருவின் கிழக்கே, இந்திரா நகரை ஒட்டி அமைந்துள்ள தொம்மலூர், தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்ட பழைமையான சொக்கநாதசுவாமி கோயிலுக்காக அறியப்பட்ட ஊர். இன்று இப்பகுதியின் வாடகைக் குடியிருப்புகளில், தமிழகத்திலிருந்து வேலைக்காக வந்த இளைஞர்கள் பலர் வசிக்கின்றனர். முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்குவோரும், சென்னையில் வாங்கிய கிட்டாரை ரயிலில் கொண்டு வருவோரும் அவர்களில் உண்டு. இரண்டாவது வகையினருக்குத்தான் முதல் சிக்கல் காத்திருக்கிறது.

சென்னைக் கழுத்து, பெங்களூரு காற்று

சென்னை கடலோர நகரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையின் தொடக்கத்தில் அங்கு பிற்பகல் காற்று நன்கு உலர்ந்துவிடும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் இழக்கவும் செய்யும் பொருள் என்பதால், ஊர் மாறும்போது கிட்டாரின் கழுத்தும் சற்று வளைகிறது. வழக்கமான அளவுள்ள 6 தந்திகளும் சேர்ந்து அந்தக் கழுத்தின் மீது செலுத்தும் இழுவிசை சுமார் 45 கிலோ எடைக்குச் சமம். வளைவு கூடினால் தந்தி மேலே எழும்பி, அழுத்தும் விரல் வலிக்கும். வளைவு குறைந்தால் தந்தி மெட்டுகளில் உரசி இரையும். புதிதாகக் கற்பவர்களில் பலர் இதைத் தங்கள் விரலின் குறை என்று எண்ணி வாசிப்பதையே விட்டுவிடுகின்றனர்.

இந்த வளைவைச் சரிசெய்யவே கழுத்தினுள் 'டிரஸ் ராட்' எனப்படும் எஃகுத் தண்டு வைக்கப்படுகிறது. கிப்சன் நிறுவனம் 1920களிலேயே இதனை அறிமுகப்படுத்தியது. கேள்வி என்னவெனில், அதைத் திருப்பும் முனை எங்கே இருக்கிறது என்பதுதான். பழைய ஃபெண்டர் கிட்டார்களில் அது கழுத்தின் அடிமுனையில், உடலுக்குள் மறைந்திருக்கும். அதனை எட்டத் தந்திகளைத் தளர்த்திக் கழுத்தையே கழற்ற வேண்டியிருக்கும். கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் மாட்டி, சுருதி சேர்த்துப் பார்த்து, போதவில்லையெனில் மறுபடியும் கழற்ற வேண்டும். பிற்காலத்தில் பல மாதிரிகளில் அது தலைப்பகுதிக்கு மாற்றப்பட்டது. மியூசிக் மேன் நிறுவனத்தின் கிட்டார்களில் கழுத்து முடியும் இடத்தில் துளைகளுடன் கூடிய சிறு சக்கரம் வெளியே தெரியும். தந்தியைக் கழற்றாமலேயே மெல்லிய கம்பி ஒன்றைச் செருகித் திருப்பிவிடலாம். ஆண்டுக்கு இரு முறை சொந்த ஊருக்கும் பெங்களூருவுக்கும் கிட்டாரோடு பயணம் செய்பவருக்கு, விலையுயர்ந்த பிக்கப்பைக் காட்டிலும் இந்தச் சக்கரம் பெரிய வரம்.

உலர்ந்த காற்றினால் மற்றொரு தொல்லையும் உண்டு. விரல் பலகை சுருங்கும்போது உலோக மெட்டுகள் சுருங்குவதில்லை. அவற்றின் முனைகள் பக்கவாட்டில் துருத்தி, கையை மேலும் கீழும் நகர்த்தும்போது கீறுகின்றன. முனைகள் உருட்டி மழுக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கடையிலேயே விரலால் தடவி அறியலாம். அதற்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

வானொலி பழுதுபார்த்தவரின் கிட்டார்

பழுது பார்ப்பதை முன்கூட்டியே எண்ணி வடிவமைக்கப்பட்ட மின் கிட்டார் எது என்று கேட்டால், ஃபெண்டர் டெலிகாஸ்டரையே சொல்ல வேண்டும். அதனை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் அவர். பெருகிய நிலையில் 1950இல் 'பிராட்காஸ்டர்' என்ற பெயரில் வெளிவந்து, 1951இல் பெயர் மாறிய அந்தக் கிட்டாரின் கழுத்து ஒட்டப்படவில்லை. 4 திருகாணிகளால் இணைக்கப்பட்டது. கழுத்து வீணானால் வேறு கழுத்து மாட்டலாம். ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் குமிழ்களும் மாற்றுவிசையும் ஒரே உலோகத் தகட்டில் பொருத்தப்பட்டன. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் மின்னிணைப்புகள் அனைத்தும் மொத்தமாக வெளியே வந்துவிடும். வானொலிப் பெட்டியைத் திறந்து திறந்து பழகிய கையின் யோசனை அது.

1952இல் வெளிவந்த கிப்சன் லெஸ் பால், இதற்கு மாறாக, பாரம்பரியத் தச்சு முறையைப் பின்பற்றியது. அதன் கழுத்து உடலோடு ஒட்டப்பட்டது. தலைப்பகுதி 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்தது. ஒலியிலும் அழகிலும் அதற்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. ஆயினும், அந்தச் சாய்வு தொடங்கும் இடத்தில் மரம் மெலிந்திருப்பதாலும், டிரஸ் ராட்டுக்காக அங்கேயே மரம் குடையப்படுவதாலும், கிட்டார் மல்லாந்து விழுந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முறிகிறது. மெல்லிய துணி உறையில் இட்டு இருசக்கர வாகனத்தின் பின்னால் சுமந்து செல்பவர்கள் இதனைக் கணக்கில் கொள்வது நல்லது. முறியும் இடத்தில் சற்று மரம் கூட்டித் திண்டு போல் விட்டிருக்கும் கிட்டார்களும், தலைப்பகுதியே இல்லாத கிட்டார்களும் சந்தையில் கிடைக்கின்றன.

வியர்வையும் மெட்டுகளும்

வீணை வீட்டில் உள்ளவர்களுக்கு மெட்டுத் தேய்மானம் புதிய செய்தியல்ல. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுக் கலவையில் பதிக்கப்படுகின்றன; வெப்பத்தில் மெழுகு இளகினால் சுருதி நகர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது மெட்டுகளை மீண்டும் பதிக்க வேண்டியுள்ளது. கிட்டாரில் மெட்டுகள் மரத்திலேயே அறையப்படுவதால் இடம் மாறுவதில்லை. ஆனால் தேய்கின்றன. பெரும்பாலான கிட்டார்களில் பயன்படுத்தப்படும் 'நிக்கல் சில்வர்' என்ற கலவையில், பெயரில்தான் வெள்ளி உண்டு. உள்ளே இருப்பவை செம்பு, நிக்கல், துத்தநாகம். வியர்வையில் அது மங்கும். எஃகுத் தந்தியின் உராய்வில் பள்ளம் விழும்.

துருப்பிடிக்காத எஃகு மெட்டுகள் நெடுங்காலம் தேயாமல் இருக்கும். விலை கூடுதல்தான். எனினும், தேய்ந்த மெட்டுகளைப் பிடுங்கிப் புதிதாக அறைவதற்கு ஆகும் கூலியை, குறைந்த விலைக் கிட்டார் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு வேறாகத் தெரியும்.

தன் தேவைக்கேற்பக் கருவியின் வடிவமைப்பையே மாற்றியவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014). வழக்கமான மாண்டலினில் தந்திகள் நான்கு இணைகளாக இருக்கும். மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். கர்நாடக இசைக்குரிய கமகங்களுக்கு அது போதாது என்பதால் அவர் மின் மாண்டலினைத் தேர்ந்தெடுத்தார். இணைத் தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கி, கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தியையும் சேர்த்துக்கொண்டார். கடையில் கிடைத்த கருவியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள சான்று இது.

ஜாக், வார், மின்கலம்

ஒலிபெருக்கியிலிருந்து வரும் கம்பியைச் செருகும் ஜாக்கின் மரை தளர்ந்தால் ஜாக் முழுவதும் உள்ளே சுழன்று, ஒயர் முறுக்கி அறுந்துவிடும். அது பொருத்தப்பட்டுள்ள தகடு பிளாஸ்டிக்காக இருந்தால் விரிசல் விழும். உலோகத் தகடு சில நூறு ரூபாய்ச் செலவு. தோள்வாரை மாட்டும் குமிழ் சிறிதாக இருந்தால் வார் நழுவிக் கிட்டார் தரையில் விழும். பூட்டும் வசதி கொண்ட குமிழ்கள் இதற்கென்றே உள்ளன. தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் செருகினாலும் போதும்.

மின்கலம் தேவைப்படும் 'ஆக்டிவ்' பிக்கப்புகளில் 9 வோல்ட் மின்கலம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள். சிலவற்றில் விரலால் திறக்கும் சிறு பெட்டி இருக்கும். சிலவற்றிலோ, பின்புறத் தகட்டின் மரத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பல முறை கழற்றி மாட்டினால் துளைகள் தளர்ந்து திருகாணிகள் பிடிக்காமல் போகும். இத்தகைய கிட்டார்களில் கம்பியைச் செருகியவுடன் மின்சாரம் ஓடத் தொடங்கும் என்பதால், வாசித்து முடித்ததும் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். இரவு முழுவதும் செருகியே வைத்திருந்தால் மின்கலம் வீணாகிறது.

இரைச்சல் ஓர் எச்சரிக்கை

ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை உள்வாங்கி 'ம்ம்' என்று இரையும். இதனைத் தணிக்கவே கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் கொண்ட 'ஹம்பக்கர்' பிக்கப்பை வடிவமைத்தார். கிட்டாரின் உட்குழியில் செம்புத் தகடு ஒட்டுவதும் ஓரளவு உதவும்.

ஆனால், தந்தியைத் தொட்டதும் இரைச்சலின் அளவு பெரிதும் மாறினாலோ, உலோகப் பாகங்களைத் தொடும்போது சுருக்கென்று உணர்ந்தாலோ, கிட்டாரைக் குறை சொல்வதற்கு முன் வீட்டின் நில இணைப்பைப் பரிசோதிக்க வேண்டும். கிட்டாரின் தந்திகள் ஜாக் வழியாக ஒலிபெருக்கியின் நில இணைப்போடு சேர்க்கப்பட்டுள்ளன. அந்த இணைப்பு சுவரிலேயே இல்லையெனில், ஒலிபெருக்கியில் ஏற்படும் கோளாறு தந்தி வரை வந்துவிடும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் மேடையில் இருந்த கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, நில இணைப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். நமது வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். மூன்று முனைச் செருகியை இரண்டு முனையாக மாற்றும் சிறு பொருத்திகளை ஒலிபெருக்கிக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பழைய வாடகை வீடுகளில், மூன்றாவது துளை இருந்தும் அதன் பின்னால் கம்பி இல்லாத நிலை இருக்கக்கூடும். மின்பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்லிவிடுவார்.

பழைய கிட்டார் வாங்குவோர் சொந்தக் கம்பி ஒன்றையும், டிரஸ் ராட்டுக்குரிய சாவியையும் கையோடு கொண்டு செல்லலாம். கம்பியைச் செருகி மெல்ல அசைத்தால் ஜாக்கின் நிலை தெரியும். ஒலிக் குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அது தூசுதான், மலிவாகத் தீரும். டிரஸ் ராட் இறுகிப்போய்த் திரும்பவே மறுத்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்தக் கிட்டாரை விற்பவரிடமே விட்டுவிடலாம்.