ஒரே ஊசி, வேறு வேறு பலன்

"அதே ஊசிதானே! அவளுக்குப் பத்து முட்டை, உனக்கு மூன்றுதானா?" குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் பெண்ணை உறவினர்கள் இப்படிக் கேட்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். நான் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன். மருத்துவரான என் மருமகளிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஊசியில் இருப்பது எஃப்.எஸ்.எச். ஹார்மோன். சினைப்பையில் அதை ஏற்கும் புரதத்தின் 680-வது இடத்தில் சிலருக்கு அஸ்பராஜின், சிலருக்கு செரின், பிறவி அமைப்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் செரின் வகையைப் பெற்றவர்களுக்குச் சராசரியாகக் கூடுதல் மருந்து தேவைப்பட்டதாக 2000-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சிக்னல் ரிலேயிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்று மேலெழக் கூடுதல் மின்சாரம் கேட்கும். அதை யாரும் திட்டுவதில்லை!

பிந்தைய ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. மருந்தைக் கண்டபடி கூட்டவும் முடியாது. சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்துவிடும். ஆகவே இன்றும் வயது, ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை, ஸ்கேனில் எண்ணும் சிறு முட்டைப்பைகள் ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் அளவை முடிவு செய்கிறார்கள். தனியாக மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கேட்டால், "இதனால் என் மருந்தளவு மாறுமா, டாக்டர்?" என்று முதலில் கேளுங்கள்.