ஊட்டியில் அளந்த இடிமேகம்

பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் முற்றத்தில் உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து ஒரு நிமிடம் நின்றால், ஏறத்தாழ நூறு மியூவான்கள் அதை ஊடுருவிப் போயிருக்கும். கூரைக்கு அடியில் போய் நின்றாலும் பெரும்பாலானவை வந்து சேரும். எலக்ட்ரானின் உறவுக்காரத் துகளான மியூவான், எலக்ட்ரானைப் போல இருநூறு மடங்கு கனமானது. கான்கிரீட்டைச் சுலபமாகக் கடந்துவிடும்.

இவை வானத்தின் உச்சியில் பிறப்பவை. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டானோ இரும்பு அணுக்கருவோ, பெரும்பாலும் 15 முதல் 20 கி.மீ. உயரத்தில் காற்றின் அணுக்கரு ஒன்றில் மோதுகிறது. மோதலில் பையான் என்னும் துகள்கள் தெறிக்கின்றன. அவற்றில் சில மீண்டும் மோதுகின்றன, சில மியூவான்களாகச் சிதைகின்றன, மின்சுமை இல்லாதவை காமா கதிர்களாகி எலக்ட்ரான் கூட்டத்தைக் கிளப்புகின்றன. இப்படிப் பெருகி இறங்குவதைத்தான் இயற்பியலாளர்கள் துகள் மழை என்கிறார்கள்.

தரையில் நிற்பவருக்குக் கிடைப்பது இந்த மழையின் கடைசித் துளிகள் மட்டுமே. மேலே வந்து மோதியது எது, எவ்வளவு ஆற்றலுடன் வந்தது என்பதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. ஆற்றல் தெரிந்த புரோட்டான் ஒன்றை வானத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. எனவே அந்த மழையைக் கணினிக்குள் பெய்யவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் உருவான கோர்சிகா என்ற நிரல் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. ஒவ்வொரு துகளையும் அது தனித்தனியே பின்தொடரும். எவ்வளவு தூரம் போய் மோதும், மோதினால் என்னென்ன வெளிவரும், புவியின் காந்தப்புலத்தில் எவ்வளவு வளையும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தாயம் உருட்டுவதுபோல நிகழ்தகவின்படி முடிவெடுக்கும். மிக உயர்ந்த ஆற்றலில் ஒரே மழையில் பத்தாயிரம் கோடித் துகள்கள் வரை உருவாகக்கூடும். எல்லாவற்றையும் பின்தொடரக் கணினிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஆற்றல் குறைந்த துகள்களில் ஒன்றைப் பலவற்றின் பிரதிநிதியாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும் முறையைப் பிரிட்டிஷ் இயற்பியலாளர் மைக்கேல் ஹில்லாஸ் வகுத்தார்.

அணுக்கரு மோதலை முழுக்கக் கணக்குப் போட்டுச் சொல்லும் கோட்பாடு இன்னும் நம் கையில் இல்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். க்யூஜிஎஸ்ஜெட், சிபில், எபோஸ் ஆகிய மாதிரிகள் துகள் முடுக்கிகளின் அளவீடுகளை வைத்துச் சீரமைக்கப்பட்டவை. முடுக்கியில் மோதலின் பக்கவாட்டில் சிதறுபவை நன்றாகப் பதிவாகின்றன; நேர் முன்னோக்கிப் பாய்பவை பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே போய்விடுகின்றன. வானத்து மழையை வளர்த்தெடுப்பவையோ அந்த முன்னோக்கிய துகள்கள்தாம்.

இந்தக் கணிப்புகளுக்கு உரைகல்லாக ஓர் ஆய்வுக்கூடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 இயங்குகிறது. எட்டு மீட்டர் இடைவெளியில் சுமார் 400 உணரிகள், அவற்றோடு 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான் தொலைநோக்கி. தொலைநோக்கியின் மேல் இரண்டு மீட்டர் கான்கிரீட் இருப்பதால் ஆற்றல் மிகுந்த மியூவான்கள் மட்டுமே உள்ளே எண்ணப்படும்.

2014 டிசம்பர் 1 அன்று அங்கே இடி இடித்தபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் சரிந்தது. 18 நிமிடங்கள் நீடித்த சரிவு அது. இடிமேகத்துக்குள் இருக்கும் மின்புலம் ஒருவகை மின்சுமை கொண்ட மியூவான்களை வேகப்படுத்தும், எதிர்வகையை மந்தப்படுத்தும். மந்தமானவை கான்கிரீட்டைத் தாண்டாமல் நின்றுவிடும். இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் இருந்தால் லாபநஷ்டம் கிட்டத்தட்ட சரியாகியிருக்கும். ஆனால் காற்றில் நேர்மின் மியூவான்களே அதிகம் என்பதால் மொத்தத்தில் குறைவு தெரிந்தது.

எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் 2 சதவீதம் குறையும்? கோர்சிகாவுக்குள் மேகத்தின் மின்புலத்தை வைத்துத் துகள் மழையைத் திரும்பத் திரும்பப் பெய்யவைத்தார்கள். விடை 130 கோடி வோல்ட். அதற்கு முன் பலூன்களை அனுப்பி அளந்த அதிகபட்சம் 13 கோடிதான். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் வரை இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1929-இலேயே சொன்னதற்கு 2019-இல் வெளியான இந்த ஆய்வு சான்றானது. மேகத்தின் மின்திறன் சுமார் 2,000 மெகாவாட் என்றும் கணக்கிட்டார்கள். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளின் நிறுவுதிறன் அவ்வளவுதான். பலூன் மேகத்தில் தான் போகும் பாதையை மட்டுமே அறியும். மியூவான்களோ மேகம் முழுவதையும் ஊடுருவி வருகின்றன. கணினி மாதிரி இல்லாமல் அந்த 2 சதவீதம் பதிவேட்டில் வெறும் எண்ணாகவே கிடந்திருக்கும். நம் மண்ணில் நடந்த ஆய்வுகளில் பள்ளிப் பாடத்தில் சேர்க்கத் தகுந்த ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன்.

விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் 166 லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு அருகே எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்று 2024-இல் கிரேப்ஸ்-3 குழு அறிவித்ததும் இதே வழியில்தான். புரோட்டான் முதல் இரும்புவரை வெவ்வேறு அணுக்கருக்களின் மழையைக் கணினியில் பெய்யவைத்து, எது எத்தனை மியூவான் தருகிறது என்று ஒப்பிட்டே புரோட்டான்களின் பங்கைப் பிரித்தார்கள். ஆனால் இன்னும் உயர்ந்த ஆற்றலில், அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் எண்ணும் மியூவான்கள் எல்லா மாதிரிகளும் சொல்வதைவிட அதிகமாகவே இருக்கின்றன. முன்னோக்கிப் பாயும் துகள்கள் பற்றிய நம் அறிவில் எங்கோ ஓட்டை இருக்கலாம். இதற்கிடையே முத்தோரையில் இரண்டாவது மியூவான் தொலைநோக்கி எழும்பிவருகிறது. அது சேர்ந்தால் உணரும் பரப்பு இரட்டிப்பாகும், பார்க்கும் வானமும் விரியும்.