நிரலைக் கருவி எழுதும். பதிவேட்டை யார் வகுப்பது?

ஜாவா மென்பொருளை விரைந்து உருவாக்கும் கருவிகள்: கல்வராயன் மலையின் வன உரிமை மனுக்களை முன்வைத்து ஒரு விளக்கம்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது கள்ளக்குறிச்சி மாவட்டம். அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலை, ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு நில ஆவணம் என்பது வாழ்வாதாரப் பிரச்சினை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவர்கள் கொடுக்கும் மனு கிராம சபை, உட்கோட்ட அளவிலான குழு, மாவட்ட அளவிலான குழு என மூன்று படிகளைக் கடக்க வேண்டும். இந்த மனுக்களைப் பதிந்து, எது எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் மென்பொருள் ஒன்றை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதை எவ்வளவு விரைவாக எழுதலாம்? அந்த விரைவு எங்கே உதவும், எங்கே கெடுக்கும்?

நேரம் எதில் போகிறது?

இப்படியொரு பதிவேட்டுக்குக் கிராமம், மனுதாரர், மனு, சான்று, தீர்மானம், மேல்முறையீடு எனப் பல அட்டவணைகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஜாவாவில் ஒரு கிளாஸ் எழுத வேண்டும். பிறகு புதிய வரியைச் சேர்க்க, தேட, திருத்த, நீக்க நான்கு வகை நிரல்கள், உள்ளீட்டைச் சரிபார்க்கும் நிரல், திரையில் படிவம். அட்டவணை மாறினாலும் வேலையின் வடிவம் மாறுவதில்லை.

ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி 1997-இல் ஜேடிகே 1.1-உடன் வந்தது. அந்நாளில் இவை அனைத்தையும் நிரலாளர்கள் பெரும்பாலும் கையாலேயே எழுதினார்கள். அட்டவணையின் ஒரு பத்தியின் (column) பெயரில் ஓரெழுத்து பிசகினாலும், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் கண்டுபிடிக்காது. மென்பொருள் ஓடும்போதுதான் தவறு வெளிப்படும். அலுப்பும் பிழையும் சேர்ந்து வளரும் வேலை இது.

கருவி என்ன செய்கிறது?

நிரல் ஆக்கும் கருவிகள் பெரும்பாலும் மூன்று படிகளில் இயங்குகின்றன. முதலில், தரவுத்தளத்தின் அமைப்பைப் படிக்கின்றன. என்னென்ன அட்டவணைகள், எந்தப் பத்தி என்ன வகை, முதன்மைச் சாவி எது, எது எதோடு இணைகிறது என்பதையெல்லாம் ஜேடிபிசி வழியாகவே கேட்டறியலாம். அடுத்து, அந்த விவரங்களை ஒரு மாதிரியாகத் தொகுக்கின்றன. மூன்றாவதாக, அதை டெம்ப்ளேட்டில் இட்டு ஜாவா கோப்புகளாக எழுதித் தருகின்றன.

ஹைபர்னேட் டூல்ஸ், மைபாடிஸ் ஜெனரேட்டர், டெலோசிஸ் ஆகியவை இந்த வகை. ஜூக் ஒரு படி மேலே போய், அட்டவணை, பத்திப் பெயர்களையே ஜாவா கிளாஸ்களாக்கிவிடுகிறது. பெயர் பிசகினால் கம்பைலரே நிறுத்திவிடும். 2013-இல் தொடங்கிய ஜேஹிப்ஸ்டர், உருப்படிகளை எளிய வரிகளில் விவரித்துக் கொடுத்தால் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் அமைந்த பின்தளத்தையும் இணையத் திரைகளையும் சேர்த்தே உருவாக்குகிறது.

இந்தியப் பொது நிர்வாகத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பெங்களூரில் 2003-இல் தொடங்கிய இ-கவ் ஃபவுண்டேஷனின் 'டிஜிட்' என்ற திறமூலத் தளத்தின் சேவைகள் ஜாவாவில் எழுதப்பட்டவை. அதன் நிரலாளர் கையேடு பிறப்புப் பதிவைப் பயிற்சியாக எடுத்துக்கொள்கிறது. சேவை எதைப் பெறும், எதைத் தரும் என்ற ஒப்பந்தத்தை முதலில் எழுத வேண்டும். அதைக் கருவியிடம் கொடுத்தால் திட்டத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

கருவி அறியாதது எது?

செங்கல் அச்சு கோணினால் அதில் வார்க்கும் அத்தனை செங்கலும் கோணும். கருவி அட்டவணையை நம்புகிறது. அட்டவணை சட்டத்தை அறிந்திருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

மனுதாரருக்கு ஒரே ஒரு பெயர்ப் பத்தி வைத்திருந்தால், கருவி ஒரு பெயர் கொள்ளும் படிவத்தையே தரும். ஆனால் மணமானவர்களின் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். அட்டவணையில் விட்டுப்போன ஒரு பத்தி, மனைவியின் உரிமையைத் திரைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நொடியில் துடைத்துவிடும்.

பரப்பளவும் அப்படித்தான். ஊரார் ஏக்கர், சென்ட் கணக்கில் சொல்வார்கள். சட்டம் 4 ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது பத்து ஏக்கருக்குச் சற்றே குறைவு. அளவோடு அலகையும் பதிய இடமில்லையென்றால் இரண்டும் குழம்பும். பத்தியைத் துல்லியத் தசமமாக வகுத்தால் கருவி ஜாவாவின் பிக்டெசிமல் வகையைத் தரும்; மிதவை எண்ணாக வகுத்தால் கூட்டல் கழித்தலில் நுண்ணிய பிசகு சேரும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். அயல்நாட்டு மாதிரியைப் பின்பற்றி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்தால், தலைப்பெழுத்தோடு எழுதும் நம் பெயர்கள் அதில் அடங்கா.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கருவி கேட்காமலே தரும் பொத்தான். சேர், தேடு, திருத்து, நீக்கு என்ற நான்கையும் அது எல்லா அட்டவணைக்கும் வழங்கும். கிராம சபையின் தீர்மானத்தை யாரும் நீக்கக் கூடாது; அதன் மேல் 60 நாளுக்குள் மேல்முறையீடுதான் செய்யலாம். வன உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. எனவே 'நீக்கு' வரவே கூடாத இடங்களும், உரிமையாளர் பெயரைத் திருத்த வாரிசு ஆவணம் கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. இவற்றை மனிதர்தான் எழுத வேண்டும்.

மீண்டும் ஓட்டும்போது?

சட்டம் திருத்தப்படலாம், புதிய பத்தி தேவைப்படலாம். அப்போது கருவியை மறுபடி ஓட்டினால் கையால் சேர்த்த வரிகள் அழிந்துபோகக்கூடும். ஆகவே கருவி எழுதிய கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, அவற்றில் கைவைக்காமல், நம் விதிகளை வேறு கிளாஸ்களில் எழுதுவதே நல்ல வழக்கம். அட்டவணை மாற்றங்களை ஃபிளைவே, லிக்விபேஸ் போன்றவற்றால் வரிசைப்படுத்திப் பதிந்து வந்தால், எந்தப் பத்தி எப்போது, எதற்காக வந்தது என்று பின்னாளில் வருபவருக்கும் புரியும்.

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

கருவிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. இயந்திரம் செய்யத்தக்க வேலையில் மனிதரை அமர்த்துவது வீண். ஆனால் மிச்சமாகும் நேரத்தை அடுத்த மென்பொருளுக்கு ஓடுவதில் செலவிட்டால், கோணல் அட்டவணைகள்தான் பெருகும். கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் மனு எழுதுபவர்களோடு உட்கார்ந்து, எந்தச் சான்று கையில் இருக்கிறது, எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள் என்று கேட்பதற்கே அந்த நேரம் போக வேண்டும். கணினி படிக்கும் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியை நம் கல்லூரிகள் பாடமாகவே வைக்கலாம்: முதலில் சட்டத்தைப் படிப்பது, அடுத்து ஊரைக் கேட்பது, பிறகு அட்டவணையை வகுப்பது, கடைசியாகக் கருவியை ஓட்டுவது. இந்த வரிசை மாறாமல் இருந்தால், கருவி தரும் விரைவின் பலன் மனு கொடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்ச் சேரும்.